மேசையின் இடப்பக்கம்

ஜூன் 3

அடி கல்லு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டே பக்கத்தில் நாலு ஆபரேஷன். அதில் ஒரு பித்தப்பையை முழுக்க நீயே எடுத்தாய் என்று படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வயிற்றுக்குள் இருக்கும் அத்தனையையும் படித்தோமே, இந்த எரிச்சல் எந்த உறுப்பில் கிளம்புகிறது என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

என் சேதி வழக்கம்போலத்தான். வயிற்றின் வெட்டிய விளிம்பை விரித்துப் பிடிக்க ரிட்ராக்டர் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குக் கைப்பிடியாக நான் இருக்கிறேன். எங்கள் பெரிய டாக்டருக்கு இன்னும் என் பெயர் தெரியாது. நேற்று, "அந்தப் பக்கம் நிக்கிற பொண்ணு தூங்குதா என்ன? இழும்மா" என்றார். தியேட்டர் சிஸ்டர் என் காதருகே வந்து, "தூங்கினாலும் கையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். சிரித்தேன். முகமூடிக்குள் சிரித்தால் என்ன, சிரிக்காவிட்டால் என்ன.

எல்லாம் அந்த முதல் நாளில் தொடங்கியது. டிசெக்‌ஷன் ஹாலில் அறுத்துப் படிக்க நமக்கென்று ஓர் உடலைக் கொடுத்ததும் நீ ஓடிப்போய் வலப்பக்கம் நின்றுகொண்டாய், எனக்கு இடப்பக்கம் வாய்த்தது. வயிற்றைப் பாதியாகப் பங்குபோட்டோம். கல்லீரலும் குடல்வாலும் உனக்கு. மண்ணீரலும் கணையத்தின் வாலும் எனக்கு. வகுப்பே நம்மைக் கல்லு, மண்ணு என்று கூப்பிட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டு என் பாதிக்குள் கையை விடுவாய். நான் எதிரில் நின்று, "முதல்ல வாலைக் கண்டுபிடிடி, மத்ததெல்லாம் அப்புறம்" என்று கத்துவேன். உன் பாதியை நீ எனக்கு அப்படியே சொல்லித் தருவாய்.

ஆபரேஷன் செய்கிறவர் நிற்பது வலப்பக்கம் என்று அன்றைக்கே உனக்குத் தெரியுமா?

போன் பண்ணேன் என்கிறாய். மாட்டேன். என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். கடிதத்தில் அடித்துத் திருத்தி எழுதலாம்.

என்றும் உன்,
மண்ணு

ஜூன் 11

என் அருமை மண்ணு,

அடித்துத் திருத்திய பிறகே இவ்வளவு என்றால் திருத்துவதற்கு முன்னால் என்ன எழுதியிருந்தாயோ! ஓடிப்போய் நின்றேனாம். இடப்பக்கம் ஃபேனுக்குக் கீழே இருந்தது, நீதான் அதை விட மாட்டேன் என்றாய். மறந்துவிட்டதா?

சரி, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். வருகிற 24ஆம் தேதி ஒருவருக்கு மண்ணீரலை எடுக்கப் போகிறோம். கணக்கு வாத்தியார். ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்களை அவருடைய மண்ணீரலே தின்று தீர்க்கிறது; தொட்ட இடமெல்லாம் நீலம் பாரிக்கிறது. "நீயே பண்ணு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று இங்கே எங்கள் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். சரியாகச் செய்தால் அவர் குழுவிலேயே என்னை வைத்துக்கொள்வார். எடுப்பது ஒருவரைத்தான். அந்த இடத்துக்கு இங்கே மூன்று பேர் கண் வைத்திருக்கிறோம்.

வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இதுக்கு முன்னாடி எத்தனை எடுத்திருக்கீங்க?" என்றார். "இதுதான் முதல்" என்றேன். "பரவாயில்ல, நானும் முதல் தடவைதான் குடுக்கிறேன்" என்கிறார்.

புத்தகத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது, கைக்கு ஒன்றும் ஏறவில்லை. இடப்பக்கம் முழுக்க எனக்கு உன் குரலாகத்தான் இருக்கிறது, அதிலும் பாதி தேய்ந்துவிட்டது. அன்றைக்கு எதிரில் நின்று சொன்னாயே, அதே மாதிரி ஒரு தடவை எழுது. கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

உன்,
கல்லு

ஜூன் 17

கல்லுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன். வேலை ஒன்றும் அதிகமில்லை.

மண்ணீரலை எடுப்பதற்கும் வலப்பக்கம்தான் நிற்க வேண்டும். இது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. என் உறுப்பை எடுக்கும்போதுகூட நான் நிற்பது எதிர்ப்பக்கம்.

கேட்டாய், சொல்கிறேன். இடது விலாவுக்குக் கீழே, இரைப்பைக்குப் பின்னால் கையைக் கொண்டு போ. மேலே உதரவிதானம், பின்னால் சிறுநீரகம், கீழே பெருங்குடல் திரும்பும் முனை. நடுவில் ஈரத் துணிப்பொதி மாதிரி கைக்குப் படுவதுதான் மண்ணீரல். இரண்டு மடிப்புகள் அதைப் பிடித்திருக்கின்றன: ஒன்று சிறுநீரகப் பக்கம், மற்றொன்று இரைப்பைப் பக்கம். முதலில் பின்புறத்து மடிப்பை விடுவி. பிறகு இடது கையால் மண்ணீரலை உன் பக்கம் கொண்டு வா. தலையணையிலிருந்து தூங்கும் குழந்தையை எடுக்கிற மாதிரி. இழுத்தால் உறை கிழிந்து ரத்தம் கொட்டும். இரைப்பையிலிருந்து வரும் குட்டை நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டு, இரைப்பைச் சுவரைச் சேர்த்துப் பிடித்துவிடாதே. கடைசியாக வாசல், நாளங்கள் மண்ணீரலுக்குள் நுழைகிற இடம். அங்கே தமனியை முதலில் கட்டு, சிரையைப் பிறகு. உள்ளே தேங்கிய ரத்தம் உடம்புக்கே திரும்பிவிடும்.

இவ்வளவுதான். நீ கெட்டிக்காரி, செய்துவிடுவாய்.

மண்ணு

ஜூன் 21

வால்.

கணையத்தின் வால் சிறுநீரகப் பக்கத்து மடிப்புக்குள்ளேயே, நாளங்களோடு சேர்ந்து வருகிறது. சிலருக்கு மண்ணீரலின் வாசலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வாசலில் கொத்தாகப் பிடித்துக் கட்டினால் அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். நசுங்கினால் அதன் நீர் கசிந்து வயிற்றைத் தின்னும், புண் ஆறாது. முதலில் அதைக் கண்டுபிடி. மஞ்சளாக, சிறு சிறு முடிச்சாக இருக்கும், கொழுப்பைவிடக் கொஞ்சம் கெட்டி. விரலால் மெல்லத் தள்ளி வைத்துவிட்டு அதற்கப்புறம் கட்டு.

அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

மண்ணு

ஜூன் 28

மண்ணுவுக்கு,

உன் 17ஆம் தேதிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அருமையாக எழுதியிருந்தாய், அந்தக் குழந்தையும் தலையணையும் உட்பட. வால் மட்டும் இல்லை.

வால் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் போகாது என்று உனக்கும் தெரிந்திருக்கும். எனக்குப் பயம் அதில்லை. நீ எப்போதும் வாலில்தான் தொடங்குவாய். அதையே விட்டிருக்கிறாய் என்றால் வேறு எதையெல்லாம் விட்டிருப்பாய்? உன் குரலில் நான் வைத்திருந்த இடப்பக்கம் முழுவதும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது. 23ஆம் தேதி சாயங்காலம் பெரியவரிடம் போய், "எனக்கு இன்னும் கை வரல சார்" என்றேன். "சரி, அந்தப் பக்கம் நில்லு" என்றார்.

நின்றேன், உன் இடத்தில், ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு. அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிகிறது. எதையும் தொட முடியவில்லை. நீ இத்தனை நாள் எழுதியதெல்லாம் கொஞ்சம் புரிந்தது. அதனால் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

வாத்தியார் நலம். "நீங்கதானே எடுத்தீங்க? வலியே தெரியலம்மா" என்கிறார். பெரியவர் குழுவுக்கு இன்னொருவனை எடுத்துக்கொண்டார்கள்.

உன் அவசரத் தபால் 25ஆம் தேதி வந்தது. தாமதித்தது தபால்காரர் இல்லை. போனில் ஒரே வார்த்தை போதும். ஆனால் குரல் காட்டிக் கொடுத்துவிடும், இல்லையா?

உனக்கும் ஒரு நாள் கத்தி கொடுப்பார்கள். அன்றைக்கு நீ என்னைக் கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும். அதனால் வலப்பக்கத்தை இப்போதே எழுதிவிடுகிறேன்.

குடல்வால் கண்ணில் படவில்லை என்றால் தேடித் துழாவாதே. பெருங்குடலின் மேல் நாடா மாதிரி ஓடும் மூன்று தசைப்பட்டைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே போ. மூன்று பட்டைகளும் சேரும் இடத்தில்தான் அதன் அடி இருக்கும். அங்கும் தெரியாவிட்டால் குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இழுக்காதே, பக்கத்து மடிப்பை விடுவித்துக் குடலை உன் பக்கம் திருப்பு. பித்தப்பையில் சிலருக்கு, ஈரலுக்குப் போகும் தமனியே வளைந்து அதை ஒட்டிக்கொண்டு வரும். பார்த்தால் பித்தப்பையின் தமனி மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதே. பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு தமனி, இரண்டே இரண்டுதான் என்று உன் கண்ணாலேயே பார்க்கும்வரை எதையும் வெட்டாதே. கல்லீரல் வெட்டுப்பட்டு ரத்தம் பொங்கினால் பதறாதே. அதன் அடியில், சிறுகுடல் தொடங்கும் இடத்துக்கு மேலே, மடிப்புக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. இடது கைச் சுட்டுவிரலை அதில் விட்டு, கட்டைவிரலை முன்னால் வைத்து இறுக்கு. ஈரலுக்குப் போகிற ரத்தம் முழுக்க உன் இரண்டு விரலுக்கு நடுவில் நிற்கும். அதற்குள் யோசித்துக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவும்தான். எதையும் விடவில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துக்கொள்.

இதற்குப் பதில் வேண்டாம்.

கல்லு