தயவுசெய்து ஒழுகலை அடைக்க வேண்டாம்

அக்டோபர் 4, சனி

முன்பு ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், நீங்க போகாத தேசத்தையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே வரையறீங்க. எதிர்ல இருக்கிற டஸ்டரை வரைஞ்சு காட்டுங்களேன்."

வகுப்பு சிரித்தது. "புவியியல்ல டஸ்டர் கிடையாது, உட்கார்" என்றேன். அன்று மாலை வீட்டில் யாருக்கும் தெரியாமல் டஸ்டரை வரைந்து பார்த்தேன். ஒரு தீவு வந்தது. துறைமுகம்கூட இருந்தது.

இன்று அது ஞாபகம் வரக் காரணம் என் தங்கை. ஓய்வு பெற்றபின் பதினான்கு மாதமாக அவள் வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் அவள் எழுதிவைத்த மளிகைச் சீட்டில் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து, கீழே 'கவனம் தேவை' என்று எழுதியிருக்கிறேன். கை தானாகச் செய்த வேலை.

"அக்கா, நான் உன் தங்கச்சி. ஏழாம் வகுப்பு இல்ல. எங்கயாவது கொஞ்சம் போயிட்டு வா. எங்க வேணா போ."

நூலகத்துக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: 'சனிக்கிழமை ஓவிய வட்டம். மாடி அறை. குடையுடன் வரவும்.'

மாடி அறையின் கூரையில் ஒரு விரிசல். மழை பெய்தால் அன்றும் அடுத்த இரண்டு நாளும் சொட்டுமாம். அதன் கீழே ஒரு தகர வாளி. வாளியைச் சுற்றி நாற்காலி போட்டு நால்வர் அந்த வாளியையே வரைந்துகொண்டிருந்தார்கள்: ஒரு தையல்காரர், ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், நூலகர்.

"வேற பொருள் வைக்கலாமே?"

"வைக்கலாம் டீச்சர். வாளியை எடுத்தா தரை நனையுது. நகர்ந்து உட்கார்ந்தா வெளிச்சம் இல்ல" என்று நூலகர் கிசுகிசுத்தார். அவர் வீட்டிலும் அப்படித்தான் பேசுவாராம்.

"எத்தனை நாளா வாளி?"

"நாலு வருஷமா."

அக்டோபர் 5, ஞாயிறு

வாளியை மனதில் வைத்து வரைந்தேன். ஒரு கண்டம் வந்தது.

அக்டோபர் 11, சனி

இந்த மனிதர்களைப் பற்றி எழுதிவைக்க வேண்டும்.

தையல்காரர் முதலில் வாளியை இஞ்ச் டேப்பால் அளந்தார். "மேல முப்பத்தாறு, கீழ இருபத்தாறு. தோள்பட்டை இல்ல, அதான் சிரமம்" என்றார். பல் டாக்டர் வாளியின் உட்புறத்தை மட்டும்தான் வரைவார். உள்ளே பார்க்காமல் வெளியே என்ன சொல்வது என்பது அவர் கட்சி. கண்டக்டருக்கு உட்கார்ந்து வரைய வராது. ஜன்னல் கம்பியில் சாய்ந்து நின்றபடி, "முப்பது வருஷம் ஓடுற பஸ்ல எழுதின கை. இந்த ரூம் ஆடாம நிக்குது டீச்சர், அதான் கோடு கோணுது" என்றார்.

என் வாளியில் வடக்கைக் காட்டும் அம்பு, அளவுகோல், வண்ணக்குறி விளக்கம் எல்லாம் வந்துவிட்டன. வரைந்து முடித்த பிறகுதான் கவனித்தேன். தாளைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

"இந்த அம்பு என்ன டீச்சர்?" தையல்காரர்.

"வடக்கு."

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் யோசித்துவிட்டு, "வாளிக்கும் ஒரு வடக்கு இருக்கத்தானே செய்யும்" என்றார்.

என்னைச் சுற்றி இத்தனை தப்புகள் நடந்து, திருத்த வேண்டும் என்றே தோன்றாத மாலை இதற்கு முன் வந்ததில்லை. ஓர் உதாரணம் சொன்னால் புரியும்: நாளெல்லாம் செருப்புக் கடிபட்டவள் வாசலில் அதைக் கழற்றிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

அக்டோபர் 14, செவ்வாய்

நூலகர் வீடு தேடி வந்தார். வாசலில் நின்று அவர் கிசுகிசுத்ததைப் பார்த்து, ஏதோ ரகசிய விவகாரம் என்று தங்கை எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

விவகாரம் இதுதான். கட்டட அலுவலகத்திலிருந்து கடிதம். மாடி அறைக் கூரையின் ஒழுகல் 28ஆம் தேதி அடைக்கப்படும். அதன்பின் பழைய கோப்புகளை அங்கே அடுக்குவார்கள். அந்த அறையை ஓவிய வட்டத்துக்கு விட்டதே ஒழுகியதால்தான். கோப்பு நனையக் கூடாது, மனிதர்கள் நனையலாம். ஒழுகல் நின்றால் அறை போய்விடும். ஊரில் வேறு அறை இல்லை, நூலகர் எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டார்.

"யார் அடைக்கச் சொன்னது?"

நூலகர் தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

கண்டக்டர்தான். நாலு வருஷமாக மாதம் ஒரு மனு போட்டிருக்கிறார். போனில் பேசினேன்.

"நாப்பத்தேழு மனு டீச்சர். ஒண்ணுக்கும் பதில் வந்ததில்ல. அந்த தைரியத்துலதான் போட்டுக்கிட்டே இருந்தேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பூதம் நாலு வருஷம் கழித்து, கடிதத்தோடு கிளம்பியிருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

மனு எழுதினேன். பொருள்: தயவுசெய்து ஒழுகலை அடைக்க வேண்டாம். மூன்று உதாரணங்கள் சேர்த்தேன். அலுவலகத்தில் அதிகாரி இரண்டு முறை படித்தார். தலை நரைக்கத் தொடங்கிய, களைத்த, நல்ல முகம்.

"மேடம், ரிப்பேர் பண்ணுங்கன்னு வர்ற மனுவுக்குப் பதிவேடு இருக்கு. பண்ணாதீங்கன்னு வர்றதுக்கு இல்ல."

"புதுசா ஒண்ணு தொடங்கலாமே?"

"தொடங்கறதுக்கும் மனு வேணும். அதுக்கும் பதிவேடு இல்ல." கொஞ்சம் யோசித்தார். "விதியில ஒரு இடம் இருக்கு. பயன்பாட்டுல இருக்கிற எதையும் நிறுத்தக் கூடாது. அந்த ஒழுகல் பயன்பாட்டுல இருக்கா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை இருக்கு சார்."

"அப்ப 25 சனிக்கிழமை நேர்ல வந்து பார்க்கறேன். ஒழுகணும், அதை நீங்க பயன்படுத்தணும். ரெண்டும் என் கண்ணால பார்க்கணும்."

அக்டோபர் 20, திங்கள்

மழை இல்லை.

அக்டோபர் 22, புதன்

மழை இல்லை. பருவக்காற்றைப் பற்றி முப்பத்திரண்டு வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். ஒருநாள் கூப்பிட்டால் வராதா?

"வீட்டுல ஒழுகினா ஆளைக் கூப்பிட்டு அடைப்போம். இங்க ஒழுகலன்னு அழுவுற. உன்னை வெளிய அனுப்பினது என் தப்புக்கா" என்கிறாள் தங்கை. எனக்குக் காப்பி கலந்தபின் அவளே மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அக்டோபர் 24, வெள்ளி

ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். கண்டக்டர் மொட்டை மாடியிலிருந்து விரிசல்மேல் குடத்தால் தண்ணீர் ஊற்றுவார். கீழே நாங்கள் வரைவோம்.

சரி என்றுவிட்டேன். எத்தனை பிள்ளைகளின் கைக்குட்டையிலிருந்து பிட் பேப்பரை உருவியிருக்கிறேன் — நானா சரி என்றேன்?

அக்டோபர் 25, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சரியாக நாலு மணிக்கு அதிகாரி வந்தார். வெளியே பளீரென்று வெயில். தையல்காரர் படிக்கட்டில் நின்று டேப்பை ஆட்டி மேலே சைகை காட்டினார். கண்டக்டர் பழக்கதோஷத்தில் ரெண்டு விசில் அடித்துவிட்டுத்தான் ஊற்றத் தொடங்கினார்.

வாளியில் சொட்டு விழுந்தது. டொக். டொக்.

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "வெயில் அடிக்குது."

"அடிக்குது சார்" என்றார் பல் டாக்டர்.

"ஒழுகுது."

"ஒழுகுது சார். பழைய கட்டடம், கொஞ்சம் லேட்டா ஒழுகும்."

மேலிருந்து குரல் வந்தது: "போதுமா, இன்னொரு குடம் வேணுமா?"

நூலகர் முதன்முறையாக உரக்கப் பேசினார். "பூனை" என்றார்.

என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன், பிடிபட்ட பிள்ளைகள் நிற்பதுபோலவே. "சார், மேல எங்க ஆள் தண்ணி ஊத்தறார். ஒழுகல் நிஜம், ஆனா இன்னைக்கு நடக்கிறது நிஜம் இல்ல. மன்னிச்சிடுங்க."

பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தையல்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். திட்டியிருந்தால் தேவலை.

"தெரியும் மேடம். இருபது வருஷ சர்வீஸ்ல விசில் அடிச்சிட்டு ஒழுகின கூரையைப் பார்த்ததில்ல" என்றார் அதிகாரி. "மழை இல்லாத நாள்ல ஒழுகல, அடைக்கலாம்னுதான் நான் எழுதியாகணும்."

முடிந்தது என்று நினைத்தேன். கண்டக்டர் முழங்கால் வரை நனைந்து இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து பத்தாவது பத்தியில் நின்றார். "விரிசலும் அதன் கீழுள்ள பொருளும் தெளிவாகத் தெரியும்படி, ஆய்வு செய்பவர் தன் கையால் வரைந்த படம்." படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இதை எப்பவும் என் அசிஸ்டென்ட் வரைவார். இன்னைக்கு லீவு. யாராவது பென்சில் கொடுங்க."

கொடுத்தோம். அரைமணி நேரம் வரைந்தார். பால் பொங்கி வழிந்த பாத்திரம் போல ஒன்று வந்தது. என்னிடம் நீட்டி, "வாளின்னு தெரியுதா மேடம்?" என்றார்.

இன்னொரு பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை. "தெரியல சார்."

"வாய் சின்னதா இருக்கு" என்றார் பல் டாக்டர், கண்ணைத் திறந்து.

"அளவு எடுக்காம வெட்டினா இப்படித்தான்" என்று தையல்காரர் டேப்பை நீட்டினார்.

"நின்னுக்கிட்டு போட்டுப் பாருங்க சார்" என்றார் கண்டக்டர்.

நின்றுகொண்டு போட்டார். அழித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். ஆறு மணிக்கு நூலகர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபோதுதான் நிமிர்ந்தார்.

"கைப்பிடி ஏன் மேடம் காதுல மாட்டின மாதிரி வருது? இப்படியே அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க. அடுத்த சனிக்கிழமை வந்து முடிச்சிடறேன்."

அக்டோபர் 28, செவ்வாய்

கொத்தனார் வந்தார். அறிக்கை சேராமல் ஒரு கரண்டி சிமென்ட்கூடப் பூசக் கூடாதாம். டீ குடித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 8, சனி

மழை. நல்ல மழை. அதிகாரி குடையோடு வந்தார். சொந்தப் பென்சில், சொந்த ரப்பர். வாளி இப்போது வாளி மாதிரி இருக்கிறது, ஆனால் காற்றில் மிதக்கிறது. தரை எங்கே என்று எல்லோரும் அவரைக் கேட்கிறோம். அறிக்கை போகவில்லை.

நவம்பர் 22, சனி

தங்கையும் வந்தாள். என்னை வேவு பார்க்க என்றாள். வந்தவள், வரைந்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 29, சனி

ஐந்து மணி சுமாருக்கு அதிகாரி பென்சிலைக் கீழே வைத்து, "வந்துடுச்சு" என்றார்.

எல்லோரும் போய்ப் பார்த்தோம். வந்துவிட்டிருந்தது. விரிசல், சொட்டு, வாளி, கைப்பிடி, தரை. எந்த அலுவலகமும் திருப்பி அனுப்ப முடியாத வாளி. நூலகர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கண்டக்டர் கையிலிருந்த தாளை மடிக்கத் தொடங்கினார். "நல்லா இருக்கு சார்" என்றேன். நல்லாத்தான் இருந்தது, வேறு என்ன சொல்ல?

அதிகாரி படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

"நிழல் சரியில்ல" என்றார்.

கிளம்பும்போது நூலகர், அறிவிப்புப் பலகையில் போட என்னிடம் இரண்டு வரி கேட்டார். படம் வரையத் தெரியாதே, இடமும் இல்லையே என்று நிறையப் பேர் வந்து கேட்கிறார்களாம். இப்படி எழுதிக் கொடுத்தேன்:

உங்கள் பக்கத்தில் எதற்கும் உதவாது என்று விட்டுவைத்த அறை எது என்று விசாரியுங்கள். இந்தச் சனிக்கிழமை ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அதில் உட்காருங்கள்.