மரத்தை இறக்கிவிட்டோம், அத்தை

பிரியமுள்ள அத்தைக்கு,

மரத்தை இறக்கிவிட்டோம். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் தலைத் திவசம் போன வாரம் முடிந்தது. கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைத்துப் படைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். நீங்கள் இருந்திருந்தால் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டீர்கள், தட்டை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்திருப்பீர்கள். உங்கள் மகன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இந்த ஒரு வருடமாக அவர் எதையுமே சொல்லாமல்தான் சாப்பிடுகிறார்.

எந்த மரம் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், மறைமலைநகர் தொழிற்சாலையில் உங்கள் மகனோடு வேலை பார்த்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் சின்னப் பாய்மரப் படகை இவரிடம் விட்டுப் போனார். சக்கர வண்டியோடு வந்த படகு. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி எங்கும் இழுத்துப் போகலாம். செங்கல்பட்டு வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்று நீங்கள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: “ஏண்டா, ஸ்கூட்டருக்கே பெட்ரோல் போட மறந்துட்டு தள்ளிகினு வர்றவன், இத்த எங்கடா தள்ளப் போற?” பாய்மரத்தைத் தட்டிப் பார்த்து, “இதுவா மரம்? தண்ணிக் குழாய் மாதிரி கீது” என்றீர்கள். அலுமினியக் குழாய்தான். ஆனாலும் அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு மரம் என்றே பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்துக் கழிமுகம். கரையில் மரத்தை நிறுத்திப் பாய் கட்டுவோம். சாயங்காலம் படகை வண்டியில் ஏற்றியதும் மரத்தை இறக்கியாக வேண்டும், வழியெல்லாம் கரண்டுக் கம்பி. முன்பக்கம் மரத்தைப் பிடித்திருக்கும் கம்பியை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கயிறு கட்டுவோம். தரையில் முன்னால் நிற்கும் ஒருவர் அந்தக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். படகுக்குள் பின்னால் நிற்கும் ஒருவர், சாய்ந்து வரும் மரத்தைக் கைகளை உயர்த்தி வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் மகன் நடுவில் நின்று மரத்தின் அடி கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வார்.

உதவிக்கு வரும் நண்பர் வராத ஒரு ஞாயிறு, திருப்போரூர் கோயிலுக்கென்று எங்களோடு ஜீப்பில் வந்திருந்த உங்கள் கையில் உங்கள் மகன் கயிற்றைக் கொடுத்தார். அதோடு அது உங்கள் வேலையாகிவிட்டது. படகுக்குள் நின்று மரத்தை வாங்குவது எப்போதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் படகை நிறுத்தத் தன் கடையோர மனையில் நமக்கு இடம் கொடுத்திருந்த டீக்கடைக் கரீம் பாய் அன்று கடைக்குள்ளிருந்தே கத்தினார்: “சாரு கம்பெனில பெரிய இன்ஜினியரு. வூட்டு விவகாரம் மட்டும் தெரியாது. மாமியா கைல கயித்த குடுத்துட்டு மருமவள கீழ நிக்க வெக்கிறாரே!”

எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான்.

அத்தை, உங்கள் அண்ணன் வந்து போன அந்த வாரத்தைப் பற்றி நாம் ஒருநாளும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

கல்யாணமாகிப் பல வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. உங்கள் அண்ணன் ஊரிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார். எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார். “இன்னும் எவ்ளோ நாளு பாத்துகினு இருப்ப? எம் பொண்ணுக்கு இன்னா கொறச்சல்? இவளும் ஒரு பக்கம் இருந்துட்டுப் போவட்டும், யாரு வாணாங்கறாங்க?” நீங்கள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தீர்கள். சரி என்று சொல்லவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள். “நான் இன்னாம்மா சொல்லட்டும்? எனக்கு ஒரே புள்ள.”

உங்கள் மகன் அந்தப் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. அவரைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. உங்களைப் பற்றித்தான்.

அந்த ஞாயிறும் நாம் கோவளம் போனோம். மரம் பாதிக்கு மேல் சாய்ந்திருந்தது. திடீரென்று சரிந்து வந்தது. ஒதுங்க நேரமில்லை. என் தோளில் இடித்து, அங்கேயே நின்றது. படகின் மூக்கு மறைத்ததால் உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. “கை வழுக்கிடுச்சி.”

அந்தக் குரலில் பதற்றம் இல்லை. அடிபட்டதா என்ற கேள்வி இல்லை. தோள் வீக்கம் வடிந்துவிட்டது. அந்தக் குரல் மட்டும் வருடக்கணக்காக என்னோடு இருந்தது. வழுக்கியதா அத்தை? விட்டீர்களா?

அடுத்த ஞாயிறு நீங்கள்தான் முதலில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தீர்கள். சாயங்காலம் கயிற்றைப் படகு வண்டியின் முன் இரும்பில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பிடித்தீர்கள். “வுடறேன், வாங்கிக்க” என்றீர்கள். நான் கைகளை உயர்த்திக்கொண்டு மரத்துக்குக் கீழே நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன். அதற்கடுத்த வாரமும், அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்களும். உங்கள் அண்ணன் மறுபடி அந்தப் பேச்சோடு வரவில்லை. நீங்கள் என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் மரம் பாதி சாய்ந்ததும் நீங்கள் மௌனமாகிவிடுவீர்கள். “அத்தை, மெதுவா” என்பேன், பதில் வராது. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் அந்தக் கடைசி ஞாயிறு. படகு வண்டியில் ஏறியிருந்தது, மரம் நின்றுகொண்டிருந்தது. கயிற்றை எடுக்கக் குனிந்த நீங்கள் மார்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தீர்கள். படகை அப்படியே விட்டுவிட்டு உங்களை ஜீப்பில் கிடத்தினோம். திருப்போரூர் தாண்டும்போது என் மடியில் கண் திறந்து, “மரத்த எறக்காம வந்துட்டீங்களேடா” என்றீர்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது நீங்கள் இல்லை.

அதன் பிறகு உங்கள் மகன் கோவளம் பக்கமே போகவில்லை. நான் பேச்செடுத்தால், “அம்மா இல்லாம அத எப்படி எறக்கறது தேனு? வித்துடலாம். வாங்கறவன் எறக்கிக்கட்டும்” என்பார். திவசம் முடிந்த மறுநாள் கரீம் பாய் போன் செய்தார். “சார், ஒரு வருஷமா உங்க மரத்துல காக்காங்க பஞ்சாயத்து நடக்குது. நான் ஒண்ணியும் சொல்லல. இப்ப வூடு கட்டறேன், செவுரு எழுப்பணும். வந்து எடுத்துகினு போங்க.”

நேற்று போனோம். உப்புக் காற்றில் கம்பிகளெல்லாம் வெளுத்திருந்தன. கரீம் பாய் தானே கயிறு பிடிப்பதாகச் சொன்னார். உங்கள் மகன் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். “நான் புடிக்கிறேன். நீங்க கீழ நில்லுங்க” என்றேன். மரத்தின் அடியைக் கரீம் பாய் பார்த்துக்கொண்டார்.

கயிற்றை நான் இரும்பில் சுற்றவில்லை. வயதானதால் நீங்கள் சுற்றினீர்கள் என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் இயற்பியல் படித்தவள் நான், நேராக நிற்கும் மரத்தின் கனம் கயிற்றில் இருக்காது, சாயச் சாயத்தான் ஏறும் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். முதலில் கயிறு சும்மாதான் வந்தது. பாதியில் கனம் ஏறியது. உங்கள் மகனின் முகம் தெரியவில்லை. தூக்கிய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அப்போது கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

“ஏய் தேனு! இன்னா பண்ற?”

“கை வழுக்கிடுச்சி.”

என் குரல் எனக்கே கேட்டது. அதில் ஒன்றுமே இல்லை, அத்தை. பதற்றம் இல்லை, அவருக்கு அடிபட்டதா என்ற கேள்வி இல்லை. உயிரெல்லாம் உள்ளங்கைக்குப் போய்விட்டிருந்தது, குரலுக்கு எதுவும் மிச்சமில்லை. எப்படியோ பிடித்து நிறுத்தி, இரும்பில் ஒரு சுற்று சுற்றினேன். மரம் மீதி தூரமும் இறங்கும்வரை அவர் என்னென்னவோ கேட்டார். எதற்கும் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. கீழே நிற்கிறவர்களுக்குத்தான் பயம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேனே.

எனக்கு வழுக்கியதால் அன்று உங்களுக்கும் வழுக்கியது என்று ஆகிவிடுமா? ஆகாது. ஒரு கணம் உங்கள் விரல்கள் வேறு ஏதோ நினைத்திருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சரிந்த மரம் என் தோளோடு நின்றதே, அதை நிறுத்தியது உங்கள் கைதான். அது எத்தனை கனம் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

மரத்தைப் படகின் மேல் கிடத்திக் கட்டினோம். உங்கள் மகன் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கரீம் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். ஒரு வருடத்துக்குப் பிறகு சத்தமாக அழுதார். பாய் டீயை வைத்துவிட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் போய்விட்டார். வீடு திரும்பும்போது உங்கள் மகன், “விக்க வேணாம் தேனு” என்றார்.

என் கை ஆறியதும் மறுபடி போகிறோம். கயிறு இனி என் வேலை. இரும்பில் சுற்றாமல் விடமாட்டேன். கீழே நிற்பது உங்கள் ஒரே பிள்ளை, எனக்குத் தெரியும். கை வழுக்கினாலும் பிடித்துவிடுவேன், அத்தை.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மருமகள்
தேன்மொழி