இரண்டு முறை திரும்பிய கைப்பிடி

சௌத் ஷீல்ட்ஸ்
14 ஆகஸ்ட் 1984

அன்பு மகள் ஜீனெட்டுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம்தான், நீ நலமா என்பதைத்தான் மணிக்கொரு தரம் ரேடியோவைத் திருகித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நீ போட்ட கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மா அதை நான்கு முறை படித்துவிட்டுப் போய் அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள், அவள் அடுப்பைத் தேய்த்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். உன் அண்ணனுக்குச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் ஆறாவது மாதமாகப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இங்கேதான் சாப்பிடுகிறார்கள். என் லீக்ஸ் வெங்காயச் செடிகள் இந்த வருடம் நன்றாகப் பருத்திருக்கின்றன, ஊர்க் காய்கறிப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, ஆனால் அதில் மனம் ஓடவில்லை. செங்கடலில் பதினைந்து கப்பல்கள் அடிபட்டுவிட்டன, கடலடியில் யார் வெடி போட்டது என்றே தெரியவில்லை என்று செய்தியில் சொல்கிறார்கள், நீயோ அந்த வழியாகத்தான் போகப்போகிறாய்.

சூயஸ் கால்வாய்க்குள் நுழையும் முன் போர்ட் சயீதில் இறங்கி ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று கேப்டன் சொன்னதாகவும், இருபத்தாறு பேரில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நீ ஒருத்திதான் பெண், ரேடியோ ஆபீசர் வேறு, நீ தூக்கினால் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறாய். அப்பா, சண்டைக் காலத்தில் உங்கள் கப்பலைச் சுற்றி ஏதோ கேபிள் இருந்ததாமே, அது இப்போது எங்களிடம் ஏன் இல்லை என்றும் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், முழுவதும் சொல்கிறேன், இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொல்லாததையும் சேர்த்து.

இரும்புக் கப்பல் என்பது மிதக்கும் காந்தம். அந்தக் காந்தத்தை உணர்ந்து வெடிக்கிற கண்ணிவெடிகளை ஜெர்மன்காரன் நம் ஆற்று வாய்களில் எல்லாம் போட்டுவைத்தான். அதற்கு மாற்றாகக் கப்பலைச் சுற்றி, கையளவு தடிமனான கேபிளை ஓட்டி மின்சாரம் விடுவார்கள், கப்பலின் காந்தம் அடங்கிவிடும். மாலுமிகள் யாரும் அதை நம்பவில்லை. எங்கள் சமையல்காரன் ரொட்டி உப்பாத நாளெல்லாம் "உங்க கரண்டுதான் மாவைக் கெடுக்குது" என்று எங்களைத் திட்டுவான். சண்டை முடிந்ததும் எல்லாக் கப்பலிலும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், அதனால்தான் உன் கப்பலில் இல்லை. அந்தக் கேபிளில் ஒரு விஷயம் உண்டு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் மின்சாரம் ஓடும் திசையை மாற்ற வேண்டும், வடக்கே திரும்பும்போது மறுபடி மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கேபிள் காந்தத்தை அடக்குவதற்குப் பதில் கூட்டிக் கொடுக்கும். அதற்கென ஒரு பெட்டி, அதில் ஒரு கைப்பிடி, ஒரு பக்கம் வடக்கு மறுபக்கம் தெற்கு என்று எழுதியிருக்கும்.

1941இல் 'ஹார்ட்லி ஃபெல்' கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் நார்மனும் ஜூனியர் இன்ஜினீயர்கள், நம் ஹில்டாவின் கணவன் நார்மன்தான். கேபிள் எங்கள் இருவர் பொறுப்பு. ஊர் வரும் முன் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது நம் கப்பல்காரர்களின் பழக்கம், உனக்குத் தெரியாததா, அந்தப் பெட்டிக்கும் சாம்பல் நிறத்தை அப்பிவிட்டார்கள், எழுத்து இரண்டும் மூடிப்போயிற்று. ரேகை தாண்டிய ஞாயிறு மதியம் என் டியூட்டி முடிகிற நேரத்தில் நான் கைப்பிடியைத் திருப்பினேன். திருப்பியதும் பதிவு நோட்டில் எழுத வேண்டும், எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் சாப்பாட்டோடு இனிப்புப் புட்டிங், பிந்தினால் கிடைக்காது, சாப்பிட்டுவிட்டு வந்து எழுதலாம் என்று ஓடினேன். அடுத்து வந்த நார்மன் நோட்டைப் பார்த்தான், ஒன்றும் இல்லை, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து அவனும் திருப்பினான், திருப்பிவிட்டு ஒழுங்காக எழுதியும் வைத்தான். சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் "டேய் கத்பர்ட், புட்டிங்கைப் பாத்தா உனக்கு உலகமே மறந்துரும்டா, நான் திருப்பலேன்னா எல்லாரும் மேலதான் போயிருப்போம்" என்றான். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன், இரண்டு முறை திருப்பியதில் கைப்பிடி பழையபடி தெற்குக்கே போய்விட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள் சீஃப் ஆபீசர் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார். அவரிடம் போய், நானும் திருப்பினேன் சார், எழுதவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்தொன்பது நாள் ஓட்டினேன். வீட்டு வாசலில், டைன் ஆற்று வாய்க்கு வெளியே கண்ணிவெடி வெடித்தது. கீழே இஞ்சின் அறையில் நார்மனும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். யாரும் மேலே வரவில்லை.

கப்பலை மணலில் ஏற்றி நிறுத்தி, விசாரணைக்கு வந்தவர்கள் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார்கள், கைப்பிடி தெற்கில் இருந்தது. நோட்டில் நார்மனின் கையெழுத்து இருந்தது. வேலையைச் செய்யாமலே செய்ததாக எழுதிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். நீ கைப்பிடியைத் தொட்டாயா என்று என்னைக் கேட்டார்கள், இல்லை என்றேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சிரிப்பார்கள் என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று ஹில்டா வீட்டுக்குப் போய் நின்றபடியே உன் கடிதத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் "நாப்பத்திமூணு வருஷமா செத்துப்போன மனுஷனோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன் கத்பர்ட், உன் சோம்பேறித்தனம் மூணு பேரைக் கொன்னுச்சேன்னு. கப்பல்காரங்க நினைவுச் சின்னத்துல பூ வைக்கக்கூட ஒரு தடவையும் போனதில்ல" என்றாள். பிறகு என்னைப் போகச் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெருமுனைவரை வந்துவிட்டேன், பின்னாலேயே ஏப்ரனோடு வந்து நின்றாள். "ஜீனெட் எறங்கிட்டாளா இல்லியா" என்றாள். வெட்கப்படுகிறாள் என்றேன். "அந்த வெட்கத்துக்கு எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் போயாச்சுன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன் மகளே.

ஆகவே முதல் கையாக உன் கையைத் தூக்கு. நீ தூக்கினால் இன்னும் பத்துப் பேர் தூக்குவார்கள், அவர்களும் உன்னைப் போலத்தான் காத்திருக்கிறார்கள். கப்பலோடே போவதென்று நீ முடிவெடுத்தாலும் நான் கோபிக்க மாட்டேன், பயப்படத்தான் செய்வேன். வெயிலில் தொப்பி போடு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. ஆண்டவன் உன்னைக் கரையிலும் கடலிலும் காக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். எந்த முடிவானாலும் அன்றே தந்தி அடி. சாப்பிட்டுவிட்டு அடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளாதே.

உன் பதிலுக்காகக் கதவருகே உட்கார்ந்திருக்கும்
அப்பா
கத்பர்ட் ராப்சன்