பந்து துடைத்த கை

புதன், ஜூலை 9

காலையிலிருந்து ஒரே காற்று, புழுதி. மாடியில் காயப்போட்ட வெள்ளைக் கையுறைகள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். ஏறி எடுத்தாயிற்று. மறுபடி அலச வேண்டும்.

நாளை மாநில பில்லியர்ட்ஸ்-பூல் போட்டி, செமி ஃபைனல். ரெஃபரி நான். எடுத்துப்போக: கையுறை, பந்து துடைக்கும் துணி, விதிப் புத்தகம், தொண்டைக்கு மிட்டாய்.

இவர் துபாயிலிருந்து லீவில் வந்து பத்து நாள். பொழுது போகாமல் என்னைச் சீண்டுகிறார். "பந்து குழியில விழும், இல்ல விழாது. இதுக்கு ஒரு ரெஃபரியா?" விளக்கினேன். தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் அந்த ரேக், அதாவது அந்த ஒரு ஆட்டம், போச்சு. ஆனால் இரண்டு ஆன பிறகு, அடுத்து ஆட வரும்போதே ரெஃபரி எச்சரிக்க வேண்டும். எச்சரிக்காவிட்டால் மூன்றாவதும் இரண்டாவதாகத்தான் கணக்கு. நான் வலது கையில் இரண்டு விரல் காட்டித்தான் சொல்வேன். விரல் தூக்காமல் எனக்கு அந்த வாக்கியமே வராது.

"அப்போ கையைக் கட்டிப்போட்டா பேச மாட்டியா? நல்ல யோசனையா இருக்கே!"

அடி வாங்கிக்கொண்டு போனார்.

வியாழன், ஜூலை 10

செல்வம் சார், கைலாசபுரம், தொழிற்சாலை வேலை, பழைய கை. எதிரில் கௌதம், ஸ்ரீரங்கம், காலேஜ் முடித்து இரண்டு வருஷம். ஜெயிப்பவருக்கு ஃபைனலும், மாநில டீமில் இடமும். ரேக் கணக்கில் எட்டுக்கு எட்டு. கடைசி ரேக்.

செல்வம் சார் வரிசையாக இரண்டு ஃபவுல். அடுத்து வந்தார், அதுவும் ஃபவுல். "மூணாவது ஃபவுல். மேட்ச் கௌதமுக்கு" என்றேன்.

"ரெண்டுன்னு நீங்க சொல்லலையே மேடம்."

"சொன்னேன் சார்."

இத்தனை வருஷமாகச் சொல்கிறேன், இன்றைக்கு மட்டும் விட்டிருப்பேனா? சுருக்கென்று கோபம். கௌதம் தலை நிமிரவில்லை, கியூ கோலையே துடைத்துக்கொண்டிருந்தான். ரெஃபரி சொன்னதுதான் முடிவு என்றுவிட்டார் போட்டி டைரக்டர். செல்வம் சார் கை கொடுத்தார். ஸ்கோர் ஷீட்டில் போட்ட கையெழுத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்தது. கிழியட்டும், எனக்கென்ன.

மாலை 6. வீட்டில் இவர் மூக்குக்கண்ணாடியில் புழுதி. வாங்கித் துடைத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. கடைசியாக ஆட வந்த செல்வம் சார், வெள்ளைப் பந்தில் கியூ நுனியில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் கறை என்று துடைத்துத் தரச் சொன்னார். இடது கையில் பந்து. வலது கையில் துணி. விரல் எங்கே தூக்கினேன்? தூக்கவில்லை. அப்படியென்றால் சொல்லவும் இல்லை.

என் மறதியால் ஒரு மனுஷனின் இடம் போய்விட்டது. போதாததற்கு அவரைப் பொய்யராக்கிவிட்டேன்.

டைரக்டருக்குப் போன். "சைன் ஆன ஷீட்டுங்க. மேஜையில இருந்த பந்தையும் எடுத்தாச்சு. ரெண்டு பேரும் சம்மதிச்சா அந்த ஒரு ரேக்கைத் திரும்ப ஆடலாம். கௌதம் ஏங்க சம்மதிக்கப் போறான்?"

கௌதமுக்கு மூன்று தடவை. எடுக்கவில்லை.

வெள்ளி, ஜூலை 11

காலை 7. கௌதமே கூப்பிட்டான். "நேத்திக்குக் கோயிலுக்குப் போயிட்டேன் மேடம், போனை ஆத்துலயே வெச்சுட்டேன்." நான் விஷயத்தைப் பாதி சொல்வதற்குள், "நீங்க சொல்லலைன்னு எனக்கு அப்பவே தெரியும் மேடம். சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். டீம்ல இடம்னதும் வாயே வரலை. ஆடிடலாம் மேடம்."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ். அவன்மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு?

செல்வம் சாருக்குப் போன். "தப்பு என்னோடது சார். நீங்க சொன்னதுதான் நிஜம்." கௌதம் அந்த ரேக்கைத் திரும்ப ஆடச் சம்மதித்ததையும் சொன்னேன். "பத்து மணிக்கு வந்துடறேங்க" என்றார்.

பகல் 11.30. கிளப் வராந்தா. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அதே ரேக், புதிதாக. செல்வம் சார் மறுபடி இரண்டு ஃபவுல்! மனுஷனுக்கு என்ன ராசியோ. அடுத்து ஆட வந்தவர், "மேடம், பந்தைக் கொஞ்சம் துடைச்சு..." என்று ஆரம்பித்தார். துணியை நாற்காலியில் வீசினேன். இரண்டு விரல். "செல்வம் சார், ரெண்டு ஃபவுல்ல இருக்கீங்க!" பின்வரிசையில் ஒருவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்ங்க" என்றார் செல்வம் சார். கௌதமும் சிரித்துவிட்டான். அப்புறம்தான் பந்தைத் துடைத்தேன்.

ஃபவுல் இல்லாமல் ஆடினார். ஆனால் கடைசிப் பந்து குழி வாயிலேயே நின்றுவிட்டது. கௌதம் வந்து போட்டான். ஆக, நேற்றைய முடிவேதான்.

புது ஸ்கோர் ஷீட். செல்வம் சார் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தார். தாள் கிழியவில்லை. பேனாவைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "நேத்து யார்கிட்ட தோத்தேன்னே தெரியலைங்க. இன்னைக்கு இந்தத் தம்பிகிட்ட தோத்தேன்."

டீ அவர் செலவு. இரண்டு கிளாஸ் குடித்தேன், நேற்றைக்கும் சேர்த்து.