பழைய ரெக்கோடரில் ஒரு குரல்

அன்புள்ள சுலக்சனா,

நீரும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புளத்கொகுபிட்டியவில் எனக்கொரு குறையுமில்லை. மழைக்கு சிக்னல் கிடைக்காததால் எழுதுகிறேன்.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கும் கமலேஸ்வரி ஒரு பழைய ரெக்கோடரைக் கொண்டுவந்தார். மண்சரிவில் இறந்த கணவர் தான் பாடிய காமன் கூத்துப் பாட்டுகளை அதில் பதிந்து வைத்திருந்தாராம்.

"போன்ல ஏத்தித் தாங்க சேர்" என்றார்.

கேபிளை மாற்றி மாற்றிப் பொருத்தியும் கணினியில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ரெக்கோடரை ஓடவிட்டு, பக்கத்தில் போனை வைத்துப் பதிந்தேன்.

பாட்டு முடிந்ததும் அந்த மனுசன் ரெக்கோடரை நிறுத்த மறந்திருக்கிறார். மழைச் சத்தம் கேட்டது. பிறகு, "கமலா, கொடையக் கொண்டா" என்று குரல் வந்தது.

"இந்தா வாரேங்க" என்று எழுந்து வாசல்வரை போய்விட்டார் கமலேஸ்வரி. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "இன்னொருக்கா போடுங்க சேர்" என்றார்.

நீர் பயப்படாதேயும். மழை பெய்தால் எனக்கும் அந்தக் குரல் கேட்கிறது, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் தடித்த போர்வையும் ஒடியல் மாவும் கொடுத்துவிடும். பிள்ளையின் சத்தத்தைப் பதிந்து அனுப்பும். நீரும் ஏதாவது பேசும். வீட்டில் என்னைக் கூப்பிடுவதுபோல "இஞ்சாருங்கோ" என்று மட்டும் கூப்பிட வேண்டாம். எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

தபாற்கந்தோர் மூடப்போகிறது.

துசியந்தன்