ஊர்ச் சுவரில் ஜெயசீலி

3.2.2003
இன்று டி.டி.பி. கடையில் வேலை கம்மி. ஆம்பூர் பஜார் வரைக்கும் நடந்தேன். நடந்திருக்கக் கூடாது. மளிகைக்கடைப் பலகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், சுவரில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி — எல்லாம் என் மனைவி ஜெயசீலியின் கையெழுத்து. அவள் தாளில் வரைந்து கொடுத்ததைத்தானே ஸ்கேன் செய்து கணினி எழுத்துரு ஆக்கினேன். ஆள் போய் இரண்டு வருடம். ஊர்ச் சுவரில் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறாள்.

9.2.2003
ரொட்டிக் கவரில்கூட அவளுடைய ‘கு’. வால் கொஞ்சம் நீளம்.

21.2.2003
தோல் தொழிற்சாலை மேனேஜர் சத்தார் பாய் போனில் கத்தினார். “இன்னா நத்தானியேலு, நீ அனுப்புனது எந்த ஊரு பாஷை? ராணிப்பேட்டை யூனிட்ல அப்படியே பிரிண்ட் போட்டு ஒட்டிட்டானுங்க. அதைப் பார்த்துச் சிரிச்சுட்டே ரெண்டு பேரு கழிவுத் தொட்டில இறங்கப் போய்ட்டானுங்க. வாட்ச்மேன் இழுத்துப் போட்டான்.”
நான் மின்னஞ்சலில் அனுப்பியது: ‘விஷவாயு. தொட்டியில் இறங்காதே.’ நம் எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியும்.

23.2.2003
மகள் ஜெனிஃபா காலேஜிலிருந்து வந்தாள். யூனிகோடுக்கு மாறச் சொல்கிறாள். “ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் பூரா ஒரே நம்பருப்பா. எந்த மெஷின்ல தொறந்தாலும் தமிழ்தான் வரும். உருவம் மட்டும் அந்தந்த மெஷின்ல இருக்கிற மாதிரி.”
“அப்போ அம்மா எழுத்து?”
அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

12.3.2003
ஜெயசீலியின் எழுத்தையே புதிய முறைக்குள் உட்கார வைக்கப் பார்த்தேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எனக்கு வரவில்லை. விட்டுவிடட்டுமா? விட்டால் இரண்டாம் முறை சாகடித்த மாதிரி. விடாவிட்டால்? அந்தத் தொட்டி?

13.3.2003
சத்தார் பாயின் அறிவிப்பை யூனிகோடில் அடித்து அனுப்பினேன். “வந்துச்சுப்பா, சுத்தமா வந்துச்சு” என்றார். அழுதேன். எதுக்குன்னு எனக்கே தெரியல ஜெயா.

18.1.2004
ராணிப்பேட்டை போனேன். தொட்டியின் மேல் அறிவிப்பு. யார் கையும் இல்லாத எழுத்து. வேலையாட்கள் அதைப் படித்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள்.

6.6.2004
கடையின் பழைய கோப்புகள் அத்தனையும் யூனிகோடுக்கு மாற்றியாயிற்று. இனி எந்தச் சொல்லையும் தேடலாம். முதலில் ‘ஜெயசீலி’ என்று அடித்தேன்.
ஒன்றே ஒன்று வந்தது. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற அவளுடைய இரங்கல் அட்டை. ஊருக்கே எழுதியவளின் பெயர் அதில் மட்டும்தான்.
அந்த ஒரு கோப்பை மட்டும் பழைய எழுத்துக்கே திருப்பினேன். வேறு எந்தக் கணினியிலும் அதைப் படிக்க முடியாது. பரவாயில்லை. நான் படித்துக்கொள்வேன்.