பிஸ்கட் டின்னில் கமலத்தின் தோடு

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். வலைப்பந்துக் கோர்ட்டில் குளம். கோணிச்சாக்கு போட்டுத் துடைத்தது நானும் தோட்டக்காரரும். கல்லூரியில் உதவிப் பயிற்றுநர் என்று பெயர்தான் பெரிது. வேலை: தண்ணீர் துடைத்தல், பந்துக்குக் காற்றடித்தல், ஆரஞ்சு அரிதல், முட்டிக்கு மருந்து, நகை வாங்கி வைத்தல். கத்துகிற வேலை முழுவதும் பயிற்றுநர் மிஸ் வோங்குடையது (இனி மி.வோ., எழுதக் கை வலிக்கிறது).

சனிக்கிழமை மூவார் அணி வருகிறது. ஆட்டம் நன்றாக நடந்தால் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி பிரின்சிபாலிடம் பேசுவாராம் மி.வோ. நடக்காவிட்டால்? அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரின்சிபால் துரைசானி அடுத்த மாதம் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததும் கப்பல் ஏறுகிறார். அதற்குள் நியமனக் காகிதம் கைக்கு வராவிட்டால் அண்ணன் என்னைக் கிள்ளானுக்கு இழுத்துப் போய்விடுவார். பொட்டப்பிள்ளை விசில் ஊதிப் பிழைப்பதாவது என்று இப்போதே பேச்சு.

நகை விஷயம். விளையாடும்போது காது, கழுத்து, கை காலியாக இருக்க வேண்டும், பயிற்சியிலும் அப்படித்தான். டின்னை நீட்டிக்கொண்டு உண்டியல்காரி மாதிரி நான் போவேன். சீனப் பிள்ளைகள் சோப்புப் போட்டு வளையலை உருவும். நம் பிள்ளைகள் தோட்டைக் கழற்றிய கையோடு, ஓட்டை தூர்ந்துவிடும் என்று ஈர்க்குச்சியைச் சொருகிக்கொள்ளும். இன்று கமலம் டின்னில் தோட்டைப் போட்டாள், சங்கிலியைப் போடவில்லை. கழுத்துவரை பொத்தான். விடுமுறைக்கு ஜாசினில் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறாள். ஆனால் பந்து கைக்கு வந்தால் பழைய கமலம்தான். அவள் இல்லாமல் அணியே இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

வெயில். சிமெண்டு காய்ந்துவிட்டது. கமலம் (இனி க.) விழுந்து தோளைத் தேய்த்துக்கொண்டாள். குழாயடியில் கழுவிவிட்டேன். காலர் விலகியது.

மஞ்சள் கயிறு. புதுசு. என் விரலிலும் மஞ்சள்.

குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடியது. பிறகு அவளே சொன்னாள். அப்பாவுக்கு நெஞ்சுவலியாம், கண் மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றாராம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். அப்பா இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். மாப்பிள்ளை தோட்டத்து ரப்பர் ஏற்றுகிற கித்தா லோரி ஓட்டுகிறவர், படித்து முடி என்கிறவர். நல்ல மனிதர் போலத்தான்.

“வருசக் கடைசி வரைக்குந்தான்க்கா. யார்கிட்டயும் சொல்லிடாதிங்க.”

கல்லூரி விதி: படிப்பு முடியும்வரை கல்யாணம் கூடாது. மீறினால் அன்றைக்கே வெளியே. தெரிந்தும் மறைத்த ஊழியருக்கும் அதே கதி. நான் ஏன் அந்தக் காலரைப் பார்த்தேன்.

ஜூலை 10, புதன்

வெயில்தான். சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரப் பாக்கியம் அக்கா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அக்காவிடம் சொன்னால் எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கத் தெரியும். சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா வேலியோரம் நின்று மழை வரும் என்று மலாயில் சொன்னார். சிட்டிகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற நம் வம்சம்தான்; மீனாட்சி என்று பெயர், தமிழ் வராது. அவரிடமாவது சொல்லி அழலாமா என்று இருந்தது.

க.விடம் பேசிப் பார்த்தேன். ஆட்டம் முடியும்வரை மட்டும் கழற்று, நானே பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன்.

“தேவப்பட்டா கழட்டி வெச்சிட்டு அப்புறம் மாட்டிக்கிறதுக்கு இது என்ன தோடாக்கா?”

உள்ளே ரப்பர்த் தோட்டப் பக்கம் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காக இன்னும் முள்கம்பியும் ஊரடங்கும். அந்த ரோட்டில்தான் அவள் புருஷன் லோரி ஓடுகிறது. கழற்றிய நேரத்தில் ஒன்று ஆகிவிட்டால்? இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் அதே பயம் வந்துவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

வாங்க வேண்டியவை: அகலப் பிளாஸ்திரி, பஞ்சு, ஆரஞ்சு, விசில் கயிறு.

பிளாஸ்திரி போட்டுப் பார்த்தோம். கயிற்றை நெஞ்சோடு அழுத்தி ஒட்டினால் தெரியவில்லை. குதிக்கச் சொன்னேன். குதித்தாள். நிற்கிறது. ஓடினால், வியர்த்தால்?

குழாயடியில் இரண்டு பிள்ளைகள்: “கமலம் ஏன் இப்பல்லாம் தனியா குளிக்கிறா?” “தலகனம்.” தலைக்கனமாகவே இருக்கட்டும் சாமி.

மி.வோ. இன்று சிரித்தார். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஜூலை 13, சனி

எப்படியாவது எழுதிவிட வேண்டும்.

மூட்டம், புழுக்கம். நடுவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். க. முன்னால் நின்றார், தாண்டிப் போனார். பாதி ஆட்டம்வரை நாம்தான் முன்னால். பிறகு மூவார்ப் பெண் ஒருத்தி பந்துக்குப் பாய்ந்ததில் க.வின் சட்டையும் கையோடு போனது. பொத்தான் தெறித்தது. பிளாஸ்திரி வியர்வையில் எப்போதோ விட்டிருக்கிறது. கயிறு வெளியே.

விசில். நடுவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். எடுக்க வேண்டும், அல்லது ஆள் வெளியே.

அது என்ன என்று மி.வோ. என்னைத்தான் கேட்டார். கோயில் கயிறு என்றேன். பெரிய கெட்டிக்காரி நான். கோயில் கயிறுதானே, வெட்டிவிடு, நாளைக்குப் போய் வேறு கட்டிக்கொள்ளட்டும் என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? மருந்துப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கயிற்றுக்கு அடியில் விரலை விட்டேன். கத்தரியையும் திறந்துவிட்டேன். க. அசையவில்லை. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அக்கா, அவரு இப்ப ரோட்டுல இருக்காரு.”

கத்தரிக்கோலைக் கீழே போட்டேன். துண்டை அவள் தோளில் போர்த்தி பெஞ்சில் உட்காரவைத்தேன். மாற்று ஆளாக வெளியே இருந்த பிள்ளையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். ஆள் மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது, மி.வோ. மட்டும்தான் மாற்றலாம். எல்லோரும் பார்த்தார்கள்.

தோற்றோம். மி.வோ. கத்தவில்லை. கத்தியிருக்கலாம். திங்கள் காலை பிரின்சிபால் அறைக்கு வா என்றதோடு சரி.

ஜூலை 14, ஞாயிறு

மழை. படுக்கையிலேயே. டின்னைத் திறந்தால் க.வின் தோடு. நேற்று வாங்காமலே ஓடியிருக்கிறாள். லோரி பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

நாளைக்கு என்ன சொல்வது? தெரியாது என்று சொல்லலாம். கோயில் கயிறு என்றே நினைத்தேன் என்று சொல்லலாம். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

ஜூலை 15, திங்கள்

வானம் வெளுத்துவிட்டது. நான் போவதற்கு முன்பே க. உள்ளே நின்றாள். எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டிருந்தாள். கல்யாணத்தைப் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியாது, டீச்சருக்கும், அதாவது எனக்கும், தெரியாது என்றும் சொல்லியிருக்கிறாள். துரைசானி என் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியாது, அப்படித்தானே என்றார். தலையை ஆட்டினால் போதும். க. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியும் என்றேன்.

க. இன்றே போக வேண்டும். என்னைப் பற்றி முடிவு இந்த வாரத்துக்குள். வெளியே வந்ததும் மி.வோ. என்னைப் பார்க்காமலே சொன்னார்: சாயங்காலம் பயிற்சி இருக்கிறது, பந்துக்குக் காற்றடித்து வை. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜாசின் பஸ் நிற்குமிடத்துக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். க. சேலையில். தாலி ரவிக்கைக்கு வெளியே. காதில் இன்னும் ஈர்க்குச்சி. லோரி வந்து சேர்ந்துவிட்டதாம். குச்சியை உருவி நானே தோட்டைப் போட்டுவிட்டேன். பஸ் வந்து நின்றது. திருகு ஏறவில்லை, அவசரத்தில் நழுவிக்கொண்டே இருந்தது.

“மெதுவா போடுங்கக்கா. இது போனா அடுத்த பஸ்ஸு இருக்கு.”